வானத்திலிருந்து எடுத்த படங்களை எங்களிடம் கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசிலும் மாநில அரசிலும் செயற்கைக்கோள் படங்கள், விமானத்திலிருந்து எடுத்த வான்படங்கள், ட்ரோன் படங்கள் ஆகியவற்றைச் சேமித்து இணையத்தில் வெளியிடும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களின் எல்லையையும், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையும் வரைபடமாக்கும் வேலையில் இருப்பவன் நான். பாசன சங்கத்துக்காரர்களோடு கரையில் நடப்பது பாதி வேலை, செயற்கைக்கோள் படங்களோடு கணினி முன் உட்காருவது மீதி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மடல். அரசுப் பணத்தில் எடுத்த படங்களை இணையத்தில் காட்டுவதோடு நிறுத்தாமல் தரவாகவே கொடுங்கள். புதுப் படம் வந்ததும் பழையதை எடுத்துவிடாமல், ஒவ்வொரு படத்தையும் அது எடுக்கப்பட்ட தேதியோடு நிரந்தரமாக வைத்திருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

பல அரசு வரைபடத் தளங்களில் இன்று படம் பார்க்க முடிகிறது. ஊர்ப் பெயரைத் தட்டினால் வயலும் கரையும் தெரியும், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஆனால் அந்தப் படம் எந்த நாளில் எடுத்தது என்பது பல இடங்களில் இருக்காது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, அதன் மேல் வைத்துப் பார்க்கவும் வழி இருக்காது. கடைசியில் எல்லோரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார்கள். ஸ்க்ரீன்ஷாட்டோடு அட்சரேகையும் தீர்க்கரேகையும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பட்டையும் வருவதில்லை. எங்கள் வேலைக்கு அந்தப் பட்டைதான் உயிர். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். பச்சை இலை அதைத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரண வண்ணப் படத்தில் கரும்பச்சையாகத் தெரியும் ஒரு கண்மாயில் எவ்வளவு பரப்பு தண்ணீர், எவ்வளவு பரப்பு சீமைக்கருவேலம் என்று அகச்சிவப்பை வைத்துத்தான் பிரிக்க முடியும். தூர்வார எவ்வளவு மதிப்பீடு போடுவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெருமழைக்குப் பிறகு ட்ரோனில் எடுத்த படங்களை ஓர் அலுவலகத்தில் கேட்டோம். மனுக் கொடுத்து, அலைந்து, கடைசியில் கிடைத்தது ஒரு பிடிஎஃப் கோப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், மேலே அலுவலக முத்திரை. தேதி இல்லை, அளவுகோல் இல்லை, வடக்கு எந்தப் பக்கம் என்ற குறிகூட இல்லை. அந்த ட்ரோன் பறந்தபோது ஒவ்வொரு படத்தோடும் இடமும் நேரமும் பதிவாகியிருக்கும். யாரோ ஒருவர் அதை அழகாக அச்சடிக்கும்படி மாற்றியபோது அதெல்லாம் உதிர்ந்துவிட்டது. அந்த அதிகாரி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்பவருக்குப் பார்க்க ஒரு படம் போதும் என்று நினைத்தார். எங்கள் சங்கத்துப் பெரியவர் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, "இதுல எங்க மடை எது தம்பி?" என்று கேட்டார். அவருக்குக் காட்ட என்னால் முடியவில்லை.

படம் சரியான இடத்தில் உட்கார்ந்திருப்பது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டப்படி, ஆக்கிரமிப்பை எடுக்கும் முன் ஏரியின் எல்லையை அளந்து நிர்ணயிக்க வேண்டும். சர்வேயர் புலப்படத்தோடு வருகிறார். கரை இருக்கிறது, எல்லைக்கல் இல்லை. பழைய செயற்கைக்கோள் படத்தில் நீர் எதுவரை நின்றது என்று பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் படம் நிலத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் திருத்தப்படாமல், உண்மையான இடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் என்ன ஆகும்? எங்கள் பக்கத்துக் கரைகளின் மேல்தளம் பல இடங்களில் நான்கு மீட்டர் அகலம்கூட இருக்காது. 15 மீட்டர் பிழையில் பட்டா நிலம் கண்மாய்க்குள் போய்விடும், இல்லையென்றால் ஆக்கிரமிப்பு வெளியே வந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியிலேயே படம் செல்லாததாகிவிடும். எனவே படத்தைத் திருத்திக் கொடுங்கள். எவ்வளவு பிழை மிச்சம் இருக்கலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பிழை இருப்பது குற்றமில்லை. அதன் அளவு தெரிந்தால் அதற்கேற்ப நாங்கள் வேலை செய்துகொள்வோம்.

படத்துக்கு விலை வைத்தால்தான் செலவு கட்டுப்படியாகும் என்ற வாதம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையின் கதை இதற்குப் பதில் சொல்லிவிட்டது. முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. பல பத்தாண்டுகள் அந்த வரிசையின் படங்களை விற்றார்கள். லேண்ட்சாட் 7 படம் ஒன்று 600 டாலர். விற்பனை உச்சத்தில் இருந்த 2001-இல் ஓர் ஆண்டுக்குப் போனவை ஏறத்தாழ 25,000 படங்கள். 2008-இல் எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே பத்து லட்சத்துக்கும் மேல் டவுன்லோடு ஆயின. அதே செயற்கைக்கோள்கள், அதே படங்கள்தான். அதுவரை ஒரு ஆராய்ச்சியாளர் காசை எண்ணி இரண்டு படம் வாங்குவார், ஒன்று பழையது, ஒன்று புதியது. அதற்குப் பிறகு ஒரே இடத்தின் நாற்பது ஆண்டுப் படங்களையும் அடுக்கி, காடு எந்த ஆண்டில் அழிந்தது, ஆறு எந்த ஆண்டில் திரும்பியது என்று பார்க்கத் தொடங்கினார்கள். விலை இருந்தவரை அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

ஐரோப்பாவும் தன் சென்டினல் செயற்கைக்கோள் வரிசையை அதே வழியில் திறந்து வைத்தது. 2015 முதல் பறக்கும் சென்டினல்-2 படங்களில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் வயல்களின் மேல் வருகின்றன. உண்மையைச் சொன்னால், எங்கள் கண்மாய்களைப் பற்றி நாங்கள் அன்றாடம் பார்ப்பதெல்லாம் ஐரோப்பிய வரிப்பணத்தில் எடுத்த படங்கள்தான். அவர்களுக்கு நன்றி. ஆனால் நம் நாட்டின் படங்கள் அதற்குக் குறைந்தவை இல்லை என்பதால்தான் எனக்கு ஆதங்கம்.

பூமியைப் படமெடுக்கும் நம் செயற்கைக்கோள் ஐஆர்எஸ்-1ஏ 1988 மார்ச்சில் போனது. 1995 டிசம்பரில் போன ஐஆர்எஸ்-1சி-யின் கறுப்பு வெள்ளைக் கருவி 5.8 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுத்தது. பிரான்சின் ஸ்பாட் அப்போது 10 மீட்டரில் இருந்தது. 2005-இல் நம் கார்டோசாட்-1 இரண்டரை மீட்டரில், இரண்டு கோணத்திலிருந்து ஒரே சுற்றில் எடுத்தது. அதிலிருந்து நிலத்தின் உயரத்தையே கணக்கிடலாம். 2019-இல் வந்த கார்டோசாட்-3 கால் மீட்டர் வரை பார்க்கிறது. சென்னையின் தகவல் தொழில்நுட்பச் சாலை எழும்புவதற்கு முன் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எப்படி இருந்தது என்று தெருவளவு நுணுக்கத்தில் சொல்லக்கூடிய சாட்சி ஐஆர்எஸ்-1சி போன்றவற்றின் படங்கள்தான். 2022-இல் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இன்று மிச்சமிருப்பது பழைய பரப்பின் சிறு பகுதிதான். இழந்தது எவ்வளவு, எந்த ஆண்டில், எந்தப் பக்கத்திலிருந்து என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டால், அவளுக்கு நம் படங்களே பதில் சொல்ல வேண்டும்.

இதில் நடந்திருக்கும் நல்லதையும் சொல்ல வேண்டும். 2009-இல் இஸ்ரோவின் வரைபடத் தளமான புவன் வந்தது. பிறகு வந்த பூநிதி தளம் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒரே இடத்தில் தேடும்படி செய்திருக்கிறது. ஒன்றிய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டு நெறிகள், பொதுப்பணத்தில் உருவான வரைபடம், வான்படம் போன்ற புவித்தரவு, பாதுகாப்புக் காரணத்துக்காக ஒதுக்கியவை நீங்கலாக, நாட்டு மக்களுக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றன. 2022 டிசம்பரில் வந்த தேசியப் புவித்தரவுக் கொள்கையும் அதையே சொல்கிறது. 2023 விண்வெளிக் கொள்கை 5 மீட்டரும் அதற்கு மேலும் பிக்சல் அளவுள்ள படங்களை இலவசமாகத் திறந்துவிடச் சொல்கிறது. கொள்கை எழுதியவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அது தாலுகா வரைக்கும், ஒவ்வொரு துறையின் சர்வர் அறை வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த 5 மீட்டர் கோட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கண்மாயின் நீர்ப்பரப்பை அளக்க அது போதும். வரத்துக்காலுக்குப் போதாது. எங்கள் ஊர்ப் பக்கம் பல வரத்துக்கால்கள் மூன்று நான்கு மீட்டர் அகலம்தான், 5.8 மீட்டர் பிக்சலில் அவை வயலோடு கலந்துவிடும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் பல, கரை நன்றாக இருந்தும் நிரம்பாமல் கிடக்கின்றன. காரணம் பெரும்பாலும் மேலே எங்கோ ஒரு வரத்துக்கால் வீட்டுமனையாகவோ, சாலைக்கு அடியில் அடைந்துபோன குழாயாகவோ ஆனது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டரை மீட்டர் கார்டோசாட் படம் வேண்டும். நேற்று எடுத்ததற்கு விலை வைப்பதென்றால் சரி, வையுங்கள். 2008-இல் எடுத்த படத்தை இன்று யார் காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள்? ஐந்து ஆண்டு கடந்த எல்லாப் படங்களையும், எந்த நுணுக்கமாக இருந்தாலும், இலவசமாகத் திறந்துவிடுங்கள். விற்பனைக்கு மதிப்பிழந்த படம்தான் எங்களுக்கு ஆவணமாக மதிப்பேறியது.

பாதுகாப்பு என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. 2005-இல் கூகுள் எர்த் வந்த சில மாதங்களிலேயே, அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். நாட்டின் முதல் குடிமகன், அதிலும் விண்வெளித் துறையிலேயே வளர்ந்தவர், சொன்ன கவலை. அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. 30 சென்டிமீட்டர் நுணுக்கமுள்ள படம் வெளிநாட்டு நிறுவனங்களிடம் காசுக்குக் கிடைக்கிறது. நாம் மறைப்பது நம் மக்களிடமிருந்து மட்டும்தான் மறைகிறது. 2021 நெறிகள் இதை உணர்ந்தே, பகுதி பகுதியாகத் தடை போடுவதை விட்டு, வரைபடத்தில் குறிக்கக் கூடாத விவரங்களின் பட்டியல் என்ற வழிக்கு வந்தன. ஒரு கண்மாயின் மடையும், உபரிநீர் வழியும் கலங்கும் அந்தப் பட்டியலில் இருக்கப்போவதில்லை. ட்ரோன் படத்தில் வீட்டு மொட்டைமாடியும் கொல்லைப்புறமும் தெளிவாகத் தெரியும் என்பது வேறு விஷயம். குடியிருப்பின் மேல் அந்த நுணுக்கத்தைக் குறைத்து வெளியிடுவது நியாயம்தான்.

இன்னும் பழைய புதையல் ஒன்று உண்டு. இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடங்கள் பலவும் வான்படங்களிலிருந்து வரைந்தவை. அந்தப் படங்கள் செயற்கைக்கோள் காலத்துக்கு முந்தையவை. பசுமைப் புரட்சிக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் முன்பிருந்த நிலத்தை அவற்றில் காணலாம். அமெரிக்கா 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள்களால் எடுத்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 1995-இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவித்தது. இன்று அதை இணையத்தில் யாரும் தேடலாம். வேறொரு நாட்டின் உளவுப் படங்களையே நாம் தேடிப் பார்க்க முடியும்போது, நம் நிலத்தை நம் அரசு எடுத்த படம் பெட்டிக்குள் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஃபிலிம் காத்திருக்காது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது சுருங்கும், ஒட்டிக்கொள்ளும், புளித்த வாடை அடிக்கும். காந்த நாடாவுக்கும் அதே கதிதான். பல நாட்டுத் தரைநிலையங்களில் கிடந்த பழைய லேண்ட்சாட் படங்களை அமெரிக்கா 2010 முதல் தேடிச் சேர்த்தபோது, அவர்களின் ஆவணம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. அவ்வளவும் எங்கோ ஓர் அலமாரியில் கிடந்தவை. நம் அலமாரிகளையும் இப்போதே ஸ்கேன் செய்யத் தொடங்குங்கள். எந்த மாவட்டம் முதலில் என்று கேட்டால், தண்ணீர் வழக்கு அதிகமுள்ள மாவட்டம் என்று சொல்வேன்.

சரி, இதையெல்லாம் எப்படி வெளியிடுவது? பெரிய கோப்புகள், சர்வர் தாங்காது என்பார்கள். இதற்குத் தீர்வு ஏற்கெனவே வந்துவிட்டது. க்ளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் என்ற கோப்பு முறையில், ஒரு பெரிய படத்தைச் சிறு கட்டங்களாக உள்ளுக்குள் அடுக்கி, எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கோப்பின் முன்பக்கத்தில் வைக்கிறார்கள். என் கணினியில் இருக்கும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் முதலில் அட்டவணையைப் படித்துவிட்டு, என் கண்மாய் விழும் கட்டங்களை மட்டும் கேட்டு வாங்கும். ஒரு ஜிபி கோப்பிலிருந்து சில எம்பிதான் கம்பி வழியே வரும். இதற்குத் தனி மென்பொருள் ஓடும் சர்வர் வேண்டாம். கோப்பை வைக்க ஓர் இடம் இருந்தால் போதும். லேண்ட்சாட் ஆவணம் இந்த முறைக்கு மாறிவிட்டது, 2023-இல் இது சர்வதேசத் தரமாகவும் ஆனது. மானாமதுரையில் செல்போன் இணைப்பைக் கணினியில் பகிர்ந்து வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஹைதராபாத்திலோ சென்னையிலோ இருந்து பார்த்தால் தெரியாமல் போகலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் மாறாத ஓர் இணைய முகவரி கொடுங்கள். தளத்தின் தோற்றத்தை மாற்றும்போது, டெண்டர் வேறு நிறுவனத்துக்குப் போகும்போது, பழைய முகவரிகள் செத்துப்போகக் கூடாது. நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் அந்த முகவரிதான் ஆதாரமாக இருக்கும். படம் எடுத்த நாள், நேரம், கருவி, மேகத்தின் அளவு, செய்த திருத்தங்கள் ஆகியவற்றைக் கணினி படிக்கும் வடிவில் கூடவே வையுங்கள். 2017-இல் அறிவித்த இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் இருக்கிறது. அது பொருந்துகிறதா இல்லையா என்று ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால், படத்தை எடுத்துப் பயன்படுத்த எத்தனையோ ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் பயப்படுகிறார்கள். அப்புறம், பார்ப்பதற்கு மட்டும் வருபவரிடம் லாகினும் ஓடிபியும் கேட்காதீர்கள். விவசாயி ஒருவர் தன் வயலைப் பார்க்க நினைக்கிறார் என்றால், அவர் யார் என்று எதற்குத் தெரிய வேண்டும்? தேடுபொறியில் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டினாலும் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளக் காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் என்பதைத் தன்னார்வலர்கள், யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் கையில் வரைபடம் இருந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு அது சாட்சி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. ஒரு குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் குளத்தை உடைக்கும், சங்கிலி அப்படித்தான். அந்த நேரத்தில் வானம் முழுக்க மேகம், சாதாரணக் கேமராவால் ஒன்றும் பார்க்க முடியாது. மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது ரேடார் மட்டும்தான். ஐரோப்பாவின் சென்டினல்-1 வரிசையில் அப்போது இயங்கியது ஒன்றே ஒன்று. ஒரே பாதைக்கு அது திரும்பி வர 12 நாள். ஆனால் 2022 பிப்ரவரியில் ஏவிய இஓஎஸ்-04 என்ற சொந்த ரேடார் செயற்கைக்கோள் நம்மிடம் இருந்தது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோளான நிசாரும் போய்விட்டது. இனி மேகத்தைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளத்தின்போது நீர் பரவிய பகுதிகளை வரைந்து மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புகிறீர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். அதே வரைபடத்தை, படமாக ஒட்டாமல், எல்லைக் கோடுகளோடு கூடிய தரவாக, மூல ரேடார் படத்தோடு சேர்த்து, அதே நாளில் எல்லோருக்கும் வெளியிடுங்கள். கீழ்க்குளத்துக்காரர் மேல்குளம் உடைந்ததைத் தெரிந்துகொள்ள அடுத்த நாள் செய்தித்தாள் வரை காத்திருக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மூன்று வேலைகளையாவது செய்ய முடியும் என்று நம்புகிறேன். மழைக்கு முந்தைய மேகமில்லாத படம் ஒன்றை, இடத்திருத்தம் செய்து, மாவட்ட வாரியாக டவுன்லோடுக்கு வையுங்கள். 2015, 2023 வெள்ளங்களின்போது எடுத்த எல்லாப் படங்களையும், ட்ரோன் படங்கள் உட்பட, தேதியோடு ஒரே இடத்தில் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு துறையிலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு பொறுப்பு அலுவலரின் பதவிப் பெயரையும் மின்னஞ்சலையும் வெளியிடுங்கள். வெளியிடும் தரவைச் சோதிக்க, பிழை இருந்தால் எழுதித் தர, கரையில் நடந்து சரிபார்க்க எங்களைப் போன்றவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம், படம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்களை வரைபடமாக்கும் ஒருவன்,
சிவகங்கை மாவட்டம்.